சேணத்துக்குக் குதிரை தேடுகிறவர்

என் சேணத்துக்குத் 'தொட்டி' என்று பெயர் வைத்தவர் வெர்லின் ஸ்டோக்கி. பதினான்கு வருஷம் ஆகிறது. ஹேகன் பண்ணையில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாள். ஐம்பது பேர் தட்டில் பீன்ஸும் இறைச்சியுமாக உட்கார்ந்திருந்தோம். அவர் என் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "டுவேன், இது சேணமா, இல்ல மாடு தண்ணி குடிக்கிற தொட்டிக்கு ரெண்டு பக்கமும் அங்கவடி கட்டித் தொங்கவிட்டிருக்கியா?" என்றார். அவ்வளவுதான். ஐம்பது பேரும் சிரித்து முடிக்கும்போது அதற்குப் பெயர் வைத்தாகிவிட்டது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், "தொட்டி சௌக்கியமா?" என்று கேட்கிறார்கள். என் மனைவியே, "மழை வருது, தொட்டியை உள்ள எடுத்து வை" என்கிறாள். நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

வெர்லின் குதிரையின் முகத்தைப் பார்க்க மாட்டார். சந்தையில் மற்றவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்ப்பார்கள். இவர் பார்ப்பது முதுகு மட்டும். அதற்கென்று ஒரு கம்பி வைத்திருக்கிறார். கனமான வேலிக்கம்பி. காலை அகட்டிய லாடம் மாதிரி வளைத்தது. பிக்கப் வண்டியின் முன் கண்ணாடியில் மற்றவர்கள் சிலுவை தொங்கவிடும் இடத்தில் அது தொங்கும். அவருடைய சேணத்தின் அடிப்பக்க வளைவுக்கு அது அச்சு. விற்கிறவன் குதிரையின் தாத்தா பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் கம்பியைத் தோள்பட்டைக்குப் பின்னால் முதுகின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிவார். இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்தால், "ம்." உட்காராவிட்டால் குதிரையின் கழுத்தில் இரண்டு தட்டு. "உன் மேல தப்பு இல்லம்மா" என்று அதனிடம் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவார். விற்கிறவனிடம் ஒரு வார்த்தை கிடையாது.

மொன்டானாவில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் குதிரைக்குச் சேணம் தேடுவார்கள். சேணத்துக்குக் குதிரை தேடுகிறவர் இவர் ஒருவர்தான்.

அந்தச் சேணம் 1991-ல் கயிறு வீசும் போட்டியில் முதல் பரிசாக வந்தது. தோல் முழுக்க ரோஜாப்பூ. வெள்ளிப் பொட்டுகள். கால் படுகிற இரண்டு பக்கமும் வருஷத்தைச் செதுக்கியிருக்கும். வீட்டு முன்னறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், தனி மரத்தாங்கியில் அது உட்கார்ந்திருக்கிறது. ஞாயிறு காலையில் தேவாலயத்துக்குக் கிளம்பும் முன் எண்ணெய் போட்டுத் துடைப்பார். அவர் மனைவி ஆர்லிஸ் சொல்வாள்: "எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனப்ப ஒரு தலகாணி எடுத்துக் குடுக்கல இந்த மனுஷன். சேணத்துக்கு அடியில மட்டும் புதுசா ஆட்டுத்தோல் வாங்கி வச்சுத் தைக்கிறான்."

சிக்கல் என்னவென்றால், அது அந்தக் காலத்து ஒல்லி முதுகுக் குதிரைக்குச் செய்த சேணம். இப்போது வருகிற குதிரைகளெல்லாம் அகலம். "இப்பல்லாம் குதிரை எங்க வளக்கறாங்க, சோபா வளக்கறாங்க" என்பார் வெர்லின். முப்பது வருஷத்தில் ஒன்பது குதிரை மாற்றினார். ஒரு செம்பழுப்புக் குதிரை, மாடு எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று மாட்டுக்கே முன்னால் தெரிந்துகொள்ளும். அதை மூன்றே வாரத்தில் விற்றார். "தங்கமான புள்ள. ஆனா தோள் நம்ம பாதிரியார் தோள் மாதிரி. சேணம் கடிக்கும்." நெல்சன் என்று ஒன்றைப் பதினெட்டு வருஷம் வைத்திருந்தார். நெல்சன் கால்நடை டாக்டரைக் கடித்தது, மின்சார மீட்டர் பார்க்க வந்தவனைக் கடித்தது, என்னை இரண்டு தடவை கடித்தது. "கடிக்கிறது வாய். நான் உக்காரறது முதுகு" என்றார். நெல்சனின் முதுகில் அந்தக் கம்பி, வெண்ணெய் தடவி வைத்ததுபோல உட்காரும்.

என் மகள் கல்யாணப் போட்டோவில் வெர்லின் இல்லை. எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டு அவரைத் தேடினோம். மண்டபத்துக்குப் பின்னால், சாரட்டு இழுக்க வந்த இரண்டு வெள்ளைக் குதிரைகளின் மேல் கம்பியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுப் பைக்குள் அதை எப்படி மறைத்துக் கொண்டுவந்தார் என்று ஆர்லிஸுக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் ஆள் விஷயம் தெரிந்தவர். அதை நான் சொல்லத்தான் வேண்டும். குதிரை முதுகைச் சிலிர்க்கிறது, சேணம் போடும்போது காதை மடக்குகிறது என்றால் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். முதல் வேலையாக, "அடியில இருக்கிற விரிப்பை எடு" என்பார். "சட்டைய போட்டுக்கிட்டா டாக்டர்கிட்ட முதுகைக் காட்டுவ?" வெறும் முதுகில் வெறும் சேணத்தை வைத்து, உள்ளங்கையை முன்னாலிருந்து பின்னால் வரை அடியில் நுழைத்துக்கொண்டு போவார். எங்கே கை மாட்டுகிறது, எங்கே காற்று தெரிகிறது என்று பார்ப்பார். பிறகு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வரச் சொல்வார். சேணத்தை இறக்கினால் முதுகெல்லாம் வியர்வை இருக்க வேண்டும். நடுவில் எங்காவது காய்ந்த திட்டு இருந்தால் அங்கே வியர்வைகூட வர முடியாதபடி அழுத்துகிறது என்று அர்த்தம். "ஈரமா இருக்கிற எடம் சும்மா இருக்கு. காஞ்ச எடந்தான் அழுவுது" என்பார். இறுக்கமான சேணத்துக்கு அடியில் இன்னொரு கம்பளியைத் திணிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "பூட்ஸ் கடிக்குதுன்னா இன்னொரு காலுறை போடுவியாடா?" என்று பெரிய பண்ணை முதலாளியையே கேட்டிருக்கிறார்.

போன இலையுதிர் காலத்தில் நெல்சனுக்கு இருபத்தேழு வயது முடிந்தது. இனி புல் தின்று, வருகிறவர்களைக் கடித்துக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். வெர்லினுக்கு அறுபத்தெட்டு. இடது இடுப்பு சொன்னபடி கேட்பதில்லை. ஒரு குதிரையில் ஏற இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷம் எந்தக் குதிரை அசையாமல் நிற்கும்?

இதில் அவருக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சூடு போடும் நாளில் குதிரை ஏற முடிந்தவர்கள் கன்றுகளின் பின்னங்காலில் கயிறு வீசி நெருப்புக்கு இழுத்து வருவார்கள். முடியாதவர் கையில் தடுப்பூசியைக் கொடுத்துத் தரையில் நிறுத்திவிடுவார்கள். அடுத்த வருஷம் சமையல் கூடாரத்தில் ஆப்பிள் பை பலகாரம் வெட்டி வைக்கச் சொல்வார்கள். அதற்கடுத்த வருஷம் வரச் சொல்லவே மறந்துவிடுவார்கள். "ஊசி புடிச்சவன் திரும்பிக் குதிரை ஏறி நான் பாத்ததில்ல" என்று பனிக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் மாதச் சந்தையில் இவர் ஆப்பிள் பை வாங்க வரிசையில் நின்ற நேரத்தில் ஆர்லிஸ் ஏலத்தில் கையைத் தூக்கி ஒரு பெண் குதிரையை வாங்கிவிட்டாள். கம்பி வைக்காமல்.

"எதைப் பாத்து வாங்கின?"

"மூஞ்சி நல்லாருந்துச்சு."

"மூஞ்சி மேலயா நான் உக்காரப் போறேன்?"

பெயர் பிஸ்கட். மேலேயிருந்து பார்த்தால் சமையலறை மேசைக்குத் தலை முளைத்ததுபோல இருக்கும். கம்பியை வைத்தால் கம்பி முதுகைத் தொடாமல் உச்சியில் நின்று ஆடியது. ஆனால் வெர்லின் பிக்கப்பின் பின்கதவை இறக்கி, அதன்மேல் ஏறி, இடுப்பைத் திட்டி, காலைக் கையால் தூக்கிப் போட்டு ஏறி உட்காரும்வரை அது பிரசங்கம் கேட்பதுபோல நின்றது. நாய் குறுக்கே ஓடியது. தகரம் காற்றில் அடித்தது. அது நின்றது. வெர்லின் அதன் காதுக்கு நடுவே விரலை விட்டுச் சொறிந்தார். அவர் ஒரு குதிரையின் தலைப் பக்கம் கையை நீட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? பரிசுச் சேணத்துக்கு அடியில் இரண்டு கம்பளி வைத்தார். அது அகலத் தலையில் சின்னத் தொப்பி மாதிரி நின்றது. மூன்றாவதும் வைத்தார். ஏறினார். சேணம் அப்படியே பக்கவாட்டில் உருண்டு, மனுஷன் குதிரையின் வயிற்றோடு தொங்கினார். பிஸ்கட் அசையவில்லை. கழுத்தைத் திருப்பி, யாரது என்று பார்த்தது. ஆர்லிஸ் சமையலறை ஜன்னலைத் திறந்து, "அடியில என்ன தேடுற?" என்று கேட்டாள்.

கம்பளிகளை எடுத்துவிட்டு வயிற்றுவாரை இழுத்துக் கட்டி மறுநாள் ஒரு மணி நேரம் ஓட்டினார். சேணத்தை இறக்கும்போது நானும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். முதுகெல்லாம் வியர்வை. தோளுக்குப் பின்னால் மட்டும் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த திட்டு.

"வெயில்ல காஞ்சிருக்கும்" என்றார்.

"சேணத்துக்கு அடியிலயா வெயிலு?" என்றேன்.

அவர் விரலால் அந்தத் திட்டைத் தொட்டார். பிஸ்கட் தோலைச் சிலிர்த்து ஓர் அடி தள்ளி நின்றது. அவர் ஏறும்போது அசையாத குதிரை.

அன்றைக்கே சேணம் முன்னறைக்குத் திரும்பிவிட்டது. ஒன்பது நாளில் பதினோரு பண்ணை போனார். பிஸ்கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வொருவர் சேணமாக வைத்துப் பார்த்தார். ஒன்று ஆடுநாற்காலி மாதிரி ஆடியது. ஒன்று முன்னாலும் பின்னாலும் மட்டும் பட்டு நடுவில் பாலம் கட்டியது. ஒன்றின் பின்பக்கம் இடுப்பெலும்பில் இடித்தது. எங்கே போவதானாலும் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆறு தடவை தாண்டிப் போனார். வண்டிக்குப் பின்னால் கட்டிய இழுவைப் பெட்டியின் கம்பிக்கு நடுவே பிஸ்கட்டின் மூக்கு தெரியும். அதுகூட என் கொட்டகைப் பக்கம் பார்த்தது. அவர் நேரே பார்த்து ஓட்டினார். நானும் கூப்பிடவில்லை. எனக்கென்ன?

ஹேகன் பண்ணையில் சூடு போடுவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், வண்டி என் வாசலில் திரும்பியது. இறங்கி வந்து மழையைப் பற்றிப் பேசினார். பிறகு வேலியைப் பற்றி. என் நாயின் உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். காப்பி கொடுத்தேன். குடித்து முடித்தார்.

"அது எங்க வச்சிருக்க?"

"எது?"

"அதான். அது."

"பேர் சொல்லுங்க. இங்க ஆயிரம் சாமான் கெடக்கு."

டம்ளரின் அடியைப் பார்த்தார். "உன் சேணம்" என்றார். பதினான்கு வருஷத்தில் முதல் தடவை.

விரிப்பு இல்லாமல் வைத்தோம். அவர் உள்ளங்கையை முன்னால் நுழைத்தார். அது உறைக்குள் கடிதம் போவதுபோலச் சீராகப் பின்னால் வரை போனது. எடுத்துவிட்டு மறுபடி நுழைத்தார். அந்தப் பக்கம் போய் அங்கேயும் நுழைத்தார். ஏதாவது குறை கிடைக்காதா என்று தேடுகிற முகம். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து இறக்கினோம். முதுகு முழுக்க ஒரே ஈரம், துவைத்துப் பிழியாத சட்டை மாதிரி. திட்டு ஒன்றுகூட இல்லை.

இறக்கி வைத்த சேணத்தைத் திரும்பிப் பார்த்தார். "பாக்கறதுக்கு இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றார்.

"எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"நாளைக்கு உனக்கு?"

"இடுப்பு நல்லாருக்கிறவன் தரையில நிக்கலாம்."

எனக்கு இருப்பது அந்த ஒரு சேணம். மறுநாள் ஊசியைப் பிடித்தவன் நான்தான். முந்நூறு கன்றுகளுக்குப் போட்டேன். நாலு கன்று என் முழங்காலில் உதைத்தன. வெர்லின் பிஸ்கட் மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பின்னங்காலில் கயிறு போட்டு, நடந்து வருகிற வேகத்தில், பதறாமல் இழுத்து வந்தார். ஹேகன் வேண்டுமென்றே உரக்கக் கேட்டார்: "என்ன வெர்லின், தொட்டியில சவாரியா?"

"எந்தத் தொட்டி?" என்றார் வெர்லின். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் பிஸ்கட்டை வண்டிக்குப் பக்கத்தில் கட்டி, என் சேணத்தை இறக்கி, தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்து என்னிடம் கொடுத்தார். நன்றி கின்றி எதுவும் இல்லை. பிறகு முன்கதவைத் திறந்து, கண்ணாடியில் தொங்கிய கம்பியைக் கழற்றினார். அது தொங்கிய இடத்தில் கண்ணாடியில் ஒரு தழும்பு இருந்தது. கம்பியை என் கையில் வைத்தார்.

"எத்தனை நாளைக்கு உன்கிட்ட எரவல் வாங்கறது. இவளுக்குன்னு ஒரு சேணம் தேடணும். பாக்கவும் நல்லா இருக்கிறதா." கட்டைவிரலை மடக்கிக் காட்டினார், பாதிக்குமேல் மடங்கவில்லை. "எனக்கு இதுல வலு இல்ல. நீ வளைச்சுக் குடு. இவ முதுகு மேல வச்சு, அப்படியே ஒட்டினாப்புல."

சரி என்று நான் கம்பியின் இரண்டு முனையையும் பிடித்தேன். அவர் என் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினார்.

"மொதல்ல நேராக்கணும்ல. இரு, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். அப்புறம் செய்."