என் மகளின் கட்டைக்குரல்

என் மகளுக்கு எட்டு வயதில் தொண்டை கட்டியது. தொண்ணூறுகளின் கடைசி அது. தங்க வயலில், சுரங்கத் தொழிலாளிகள் இருக்கும் பாலகாட் லைன் வீடுகளில் எந்தக் குழந்தைக்குத்தான் தொண்டை கட்டாது? ஆடிக் காற்றில், தங்கம் எடுத்தபின் கொட்டிய சைனைடு மேட்டு மண் பறந்து வந்து சோற்றில்கூட நறநறக்கும். பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் கொடுத்தேன். சளி போனது. கட்டிய குரல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயம் கேபிள் டிவியில் ஒரு பெண் கரகரவென்று பாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். ஊரே அந்தப் பாட்டுக்குப் பைத்தியமாக இருந்தது. என் மகள் பள்ளி விழாவில் அதைப் பாடினாள். அசல் அதே கட்டைக்குரல். விசில் பறந்தது. எங்கள் ஊர் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிப்பவர் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னாக்கா, இத்தினி நாளா இந்தக் கொரலை எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?"

இது குரல் இல்லை, வியாதி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ், கன்னட ராஜ்யோத்சவ விழா எதையும் அவள் விடவில்லை. "நம்ம தங்க வயலின் குட்டி பாப் ஸ்டார்!" என்று மைக்கில் கத்துவார்கள். ஜிகினா கவுன், கறுப்புக் கண்ணாடி. தெருவில் பிள்ளைகள் நோட்டை நீட்டினால் மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில் கோணல்மாணலாகப் பெயர் எழுதிக் கொடுப்பாள்.

வீடு தலைகீழாக மாறியது. என் கணவர் சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆழத்துக்கு இறங்கி வேலை பார்த்தவர். ஆழத்து வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார்கள். அவரை மேலே ஏதோ ஒரு ஷெட்டில் சும்மா உட்கார வைத்திருந்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தானாக மொண்டு குடிக்காத மனிதர், மகளின் கவுனுக்கு இஸ்திரி போட்டார், ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். முதல் தட்டு அவருக்கு என்றிருந்தது அவளுக்கு என்றானது. எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? ரேஷன் கடை வரிசையில் "பாப் ஸ்டார் அம்மாக்கு வழி வுடுங்க" என்பார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போவேன்.

ஒரு வருஷத்தில் காலை நேரங்களில் அவளுக்குக் குரலே எழும்பாமல் போனது. பயந்துபோய் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "உள்ள காய்ப்புக் காய்ச்சிருக்கு. குரலை அழுத்தி அழுத்தி வந்தது. மூணு மாசம் பாட்டு வேணாம், கத்தவும் கூடாது. குழந்தைதான், சரியாயிடும்" என்றார். என் கணவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அங்கேயும் இருபது வருஷத்துக் காய்ப்பு இருந்தது.

டாக்டர் சொன்னபடி நடந்தோம். எதுவானாலும் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். மூன்று மாதத்தில் குரல் வந்தது. மெல்லிசான, பிசிறில்லாத குரல். அந்தக் குரலில் அவள் "அம்மா" என்றதும் யாரோ அடுத்த வீட்டுப் பிள்ளை என்று திரும்பிப் பார்த்தேன். டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம்.

ஒத்திகைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு வரி பாடியதும் கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். "நல்லாத்தான் கீது பாப்பா. ஆனா ஜனங்க கேக்கறது இது இல்லக்கா" என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு பெண்ணைப் போட்டுக்கொண்டார்கள்.

என் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று வாரத்துக்கு ஒரு பேச்சு வரும். அதைக்கூட அவர் காதில் வாங்கவில்லை. மகள் கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பார்ப்பாள். ஒருநாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, எனக்கு மறுபடி எப்பம்மா தொண்ட கட்டும்?"

ஓங்கி அறைந்திருக்க வேண்டும். அல்லது கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். நான் போய்க் குச்சி ஐஸ் வாங்கி வந்தேன்.

லைனில் மற்ற அம்மாக்கள் பிள்ளைகள் கையிலிருந்து ஐஸைப் பிடுங்கி எறிவார்கள். நான் கூப்பிட்டு உட்கார வைத்து ஊட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாமே, தொண்ட நோவு வந்த கொழந்தைக்கு ஐஸா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றாள். "எம் பொண்ணு, எனக்குத் தெரியும். உன் வேலையப் பாரு" என்று அவள் முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். ஐஸால் சளிதான் பிடித்தது.

அதனால் அவளை மூடிக்கிடந்த சுரங்க ஷாஃப்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு கோடியில் அவளை நிறுத்தி, மறுகோடியில் நான் நின்றேன். "அம்மா!" என்று கத்துவாள். எனக்கு நன்றாகக் கேட்கும். கேட்கவில்லை என்று கையை ஆட்டுவேன். இன்னும் கத்துவாள். கழுத்து நரம்பு புடைப்பது அங்கிருந்தே தெரியும். மறுபடியும் கையை ஆட்டுவேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் என்னை நோக்கி ஓடிவந்தாள். "வந்துடுச்சிம்மா! என் கொரலு வந்துடுச்சி!" கரகரவென்ற அதே குரல். அவளை வாரி அணைத்து முத்தம் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். வீட்டில் விஷயம் தெரிந்ததும் அவள் அப்பா எழுந்து தலைசீவி, சட்டை மாட்டிக்கொண்டு கீபோர்டுக்காரரைத் தேடிப் போனார்.

மூன்று மேடை பாடினாள். நான்காவது மேடையில் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. டிரம்ஸைச் சத்தமாக அடித்துச் சமாளித்தார்கள்.

அதே டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியை வைத்துவிட்டு, "உள்ள தழும்பாயிடுச்சு. பழையபடி வராது" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்து, "இவ்வளவு கத்த வெச்சது யாரும்மா?" என்று கேட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மகள்தான் பேசினாள். அவள் சொல்வது கேட்க டாக்டர் குனிய வேண்டியிருந்தது.

"நான்தான் டாக்டர். வெளையாடும்போது கத்துவேன். அம்மா வேணாம்னுதான் சொல்லுவாங்க."

அவளுக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. டாக்டர் அவளைத் திட்டினார். அம்மா சொல்வதைக் கேட்க வேண்டுமா இல்லையா, இப்போது யாருக்கு நஷ்டம் என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்தபடி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவர் திட்டி முடிக்கும்வரை நான் பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.