தானாக நிரம்பிய பெயர்

நேற்று மகளுக்குக் கைப்பேசியில் ஏதோ தட்டப் போனேன். இரண்டு எழுத்து தட்டியதுமே மீதியை அதுவே எழுதிவிட்டது. "டைம் மிச்சம்லா மா" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருடைய நேரம், யாருக்கு மிச்சம்?

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அலோர் காஜாவில் ஒரு ரப்பர் தோட்டக் கம்பெனி ஆபீசில் வேலை செய்தேன். ஏர்கோன் குளிர், புதுக் கம்பள வாடை, ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த திமிர். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு மலிவு வீடு தருவதாகப் பேச்சு. தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அப்பா பெயரோடு கையால் எழுதி வைத்திருந்த பெயர்களையும் வீட்டு எண்களையும் ஸ்பிரெட்ஷீட்டில் ஏற்றுவது என் பொறுப்பு.

அதில் ஒரு வசதி உண்டு. மேலே தட்டிய பெயரையே மறுபடி தட்டத் தொடங்கினால், மீதியை அதுவே நிரப்பும். தோட்டத்தில்தான் பெயருக்குப் பஞ்சமாயிற்றே. நாலு முனியாண்டிகளையும் கவனமாகப் பிரித்துவிட்டேன். லெட்சுமியில் கோட்டை விட்டேன். ஏழாம் வீட்டில் மாரிமுத்து மகள் லெட்சுமி, இருபத்திரண்டில் சின்னப்பன் மகள் லெட்சுமி. இரண்டாவது லெட்சுமிக்கும் அது மாரிமுத்துவையே அப்பாவாக்கியது. நான் பாராமல் என்டரைத் தட்டினேன். மூன்று நாள் வேலையை மத்தியானத்துக்குள் முடித்த பெருமையில் பஸ் ஏறித் தெங்கேராவுக்குப் போய்ச் சிவப்புச் செருப்பு வேறு வாங்கினேன்.

ஒரு மாதம் கழித்துச் சின்னப்பன் மகள் லெட்சுமி அக்கா ஆபீசுக்கு வந்தார். பால் வெட்டிவிட்டு நேரே வந்ததால், அந்த ஏர்கோனிலும் ரப்பர் பால் வாடை அடித்தது. மேனேஜர், தமிழர்தான், பட்டியலைத் தட்டிக் காட்டினார்.

"ஒரே ஆளு ரெண்டு வீட்டுக்குப் பேர் குடுத்திருக்கு. ஒண்ண வெட்டியாச்சு."

அக்கா அப்பா பெயர் போட்ட ஐசி அடையாள அட்டையை நீட்டினார். "அது வேற லெட்சுமி சார். நான் சின்னப்பன் மக."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுலா."

நான் எழுந்தேன். "நான்தான் சார் தப்பா தட்டிட்டேன். பத்து செகண்ட்ல மாத்திடலாம்."

"லிஸ்டு சைன் ஆகி மேல போயாச்சு. இப்ப மாத்துனா நான்ல பதில் சொல்லணும். உக்காரு."

உட்கார்ந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. மூன்று நாளை அரை நாளாக்கத் தெரிந்த ஆபீசில் ஒரு மனுஷிக்காகப் பத்து வினாடி கிடையாது. இருபது வருஷம் பால் வெட்டியவருக்குப் பேராசைக்காரி என்ற பட்டம்தான் மிச்சம். அவர் பிள்ளைகளோடு சுங்கை ரம்பாயில் தம்பி வீட்டுப் பின்னறைக்குப் போனார். அங்கேயே இறந்தும் போனார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். லயம் இல்லை, ஒரு பால்மரம்கூட இல்லை. கம்பெனியின் பெயரே மாறிவிட்டது. மலிவு வீடுகளில் ஒன்றில் மாரிமுத்து மகள் லெட்சுமி அக்கா இருந்தார். தேத்தண்ணி கொடுத்தார். நான் தயங்கித் தயங்கி மற்ற லெட்சுமியின் பேச்சை எடுத்தேன்.

"பாவம், நல்ல பொம்பளதான்" என்றார். "ரெண்டு வீட்டுக்கு ஆசப்பட்டுச்சு. அதான் ஒண்ணும் இல்லாமப் போச்சு."