மாதாவுக்கு முடிந்த ஐம்பது சதம்

பதினொரு வருஷமாக இதை எழுதாமல் இருந்தேன். கொப்பியை விரிப்பேன், மேலே ஒரு சிலுவை கீறுவேன், பிறகு மூடிவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், சங்கக் கடையில் அரிசி நிறுத்துக் கொடுப்பவன், எனக்கு எழுத்து வராது என்று சொல்லிக்கொண்டேன். அது சாட்டு. எழுதினால் மாதா செய்த புதுமை என்று ஊரே நம்புகிற ஒன்று பொய்யாகிவிடும். அந்தப் பயம்தான்.

எங்கள் மகளுக்கு ஐந்து வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்தது. டொக்டர் கையை விரித்த அன்று பின்னேரம் என் மனைவி ஓர் ஐம்பது சதக் குற்றியை எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் மூன்று தரம் ஒற்றி, வெள்ளைத் துணியில் முடிந்து, மாதா படத்தடியில் வைத்தாள். பிள்ளை எழும்பினால் அந்தக் காசை வேளாங்கண்ணியில் கொண்டுபோய்ப் போடுவதாக நேர்த்தி. பிள்ளை எழும்பினாள். எங்கள் பக்கத்து வழக்கம், நேர்த்திக்கு முடிந்த காசைப் போகிற இடத்தில்தான் அவிழ்க்க வேண்டும், அதே காசைத்தான் போடவும் வேண்டும். பிறகு மகள் ஒரு தரம் இருமினாலும் என் மனைவி முதலில் பார்ப்பது அந்த முடிச்சைத்தான்.

மூன்று வருஷம் கழித்துப் பாஸ்போட் கைக்கு வந்தது. வெளிநாட்டுக் காசு எங்கே மாற்றுவது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருந்த ஒருவர் இந்தியாவுக்குப் பல தரம் போய் வந்தவர். அங்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். சைக்கிளை மிதித்து அவரிடம் போனேன்.

"காக்கா, இந்தியாக் காசு எங்க மாத்துறது?"

"ஏன் தம்பி, அங்கயும் ஒரு பொஞ்சாதி பாத்து வைச்சிருக்கியா?"

"மாதாட்டப் போறம் காக்கா, குடும்பத்தோட."

"அப்பிடியெண்டா வடிவாக் கேட்டுக்க. வங்கியில குடுக்கிறத இஞ்சயே பாஸ்போட்டில பதிஞ்சி எடு. கப்பலுக்குள்ள ஒருத்தன் சிரிச்சிச் சிரிச்சி வருவான், கூடத் தாறன் எண்டுவான். அவன்ட பல்லப் பாத்து ஏமாந்திராத. அக்கரையில இறங்கினா வங்கிக்காரன் மேசை போட்டு இருப்பான். அவனிட்ட மாத்து. சீட்ட வைச்சிக்க, திரும்பி வரக்குள்ள கேப்பான்."

"இலங்கைக் காசு ஒண்டு ரெண்டு கையில கிடந்தா?"

"ஒரு குத்தி கையில ஆப்பிட்டாலும் சுங்கக்காரன் உடுப்ப உரிஞ்சி நிப்பாட்டுவான்!" என்று சிரித்தார்.

அவர் பகிடிக்குச் சொன்னார். நான் சத்தியமென்று எடுத்துக்கொண்டேன். கப்பலேறும் தலைமன்னாரில் ஒரு சுங்கக்காரன் என் மனைவியின் முடிச்சைப் பிடுங்கி அவிழ்ப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது. அவிழ்ந்தால் நேர்த்தி போயிற்று. பிள்ளை?

அடுத்த சனிக்கிழமை மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நானே முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே இந்தியக் காசு இருந்தால் சுங்கக்காரன் பிடிக்க மாட்டான் என்று, குற்றியைக் காக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, ஓர் இந்திய ஐம்பது பைசா கேட்டேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பைசாக் குற்றியை எடுத்துத் தந்துவிட்டு, என் குற்றியை உள்ளே எறிந்தார். மற்றக் குற்றிகளோடு அது சேர்ந்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்த நிமிஷமே எது நம்முடையது என்று தெரியாமல் போயிற்று. காசு மாற்றுவது என்றால் நம்முடையதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது, கொடுத்த பிறகுதான் என் மண்டைக்கு ஏறியது.

கல்லடிப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினேன். வாவி வெயிலில் அசையாமல் கிடந்தது. ஒரு தோணி போனது. தோணிக்காரன் துடுப்புப் போட்ட மாதிரித் தெரியவில்லை, தண்ணீர்தான் அவனைத் தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது. என் குற்றியும் இப்படித்தான் ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போகப்போகிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மாதாவுக்கு ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொல்லி, பைசாவை அதே துணியில் முடிந்து வைத்தேன்.

தலைமன்னாரில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண்களின் முந்தானைகளிலும் முடிச்சுகள் இருந்தன. சுங்கக்காரர் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டார். "நேத்தியா? போங்க அம்மா, போங்க." என் மனைவியையும் அப்படியே விட்டார். கப்பல் வெளிக்கிட்டது. கடலும் வானமும் ஒரே வெள்ளையாக, கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருந்தது. மகள் என் மடியில் நித்திரை. மாதாவே, நான் யாருக்குப் பயந்தேன் என்று கேட்டுக்கொண்டே போனேன்.

அக்கரை மேசையில் மிச்சக் காசை மாற்றிச் சீட்டு வாங்கினேன். ரயிலும் பஸ்சுமாக வேளாங்கண்ணிக்குப் போய்ச் சேர்ந்தோம். காணிக்கைப் பெட்டிக்கு முன்னால் மனைவி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கையில் இந்தியக் காசின் சிங்கத் தலைகள் மினுங்கின.

"இஞ்ச பாருங்க! மாதா தன்ட காசா மாத்திப்போட்டா!"

முழங்காலில் விழுந்து அழுதாள். சுற்றி நின்ற பெண்கள் அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன். காசு பெட்டிக்குள் விழுந்தது.

ஊரில் அது வளர்ந்தது. பைசா வெள்ளிக் காசாயிற்று, பிறகு தங்கமாயிற்று. என் மனைவி ஒருநாளும் கூட்டிச் சொன்னதில்லை, கேட்டவர்கள் கூட்டினார்கள். சங்கக் கடையில் ஐம்பது சதம் ஒன்று கைக்கு வந்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எல்லாம் ஒரே முகம்.

போன தபசுகாலத்தில், பெரிய வெள்ளிக்கு முன்னால், வவுணதீவுப் பக்கமிருந்து ஒரு தாய் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் மனைவியிடம் வந்தாள். "உங்கட நேத்தித் துணியால ஒருக்கா ஒத்தி விடுங்க அக்கா. ஆசுபத்திரிக்குப் போகாட்டியும் சுகம் வரும்தானே?" என்றாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு, தாயையும் கூட்டி, கார் பிடித்து ஆசுபத்திரிக்குப் போனேன். பிள்ளை தப்பியது. வந்து, மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை நின்றது.

"மாதா நமக்குப் பிள்ளைய மாத்தியா தந்தா? அதே பிள்ளையத்தானே தந்தா? நீங்க ஏன் காச மாத்தினீங்க?"

"பயத்திலதான்."

"பதினொரு வருசமா என்னக் கோயிலடியில பொய் சொல்ல வைச்சிட்டீங்களே."

மீனைச் சட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். "அந்தக் குத்தி எங்க இப்ப?"

"தெரியா."

"அப்ப அது இன்னும் மாதாட்டப் போய்க்கொண்டுதான் இருக்கு. எழுதுங்க. உள்ளபடி எழுதுங்க."

இப்போது ஐம்பது சதம் ஒன்று கையில் பட்டால் இருவரும் ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டு, அதைக் கோயில் பெட்டியில் போடுகிறோம். ஒன்று அதுவாக இருக்கலாம்.

வாசிக்கிறவர்களே, அந்தக் காசு தங்கமாகவில்லை. மாற்றியது மாதா அல்ல, நான். பிள்ளை எழும்பியது மட்டும் அவருடைய வேலை. இதைக் கேட்கிறவர்களிடம் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். நான் ஒன்றை மாற்றிக் கெடுத்தவன். இதையாவது மாற்றாமல் கொடுங்கள்.