பியானோவில் இல்லாத சுரம்

ஞானேஸ்வரி இடது கைக்கு இரண்டு கையுறை போடுவார். முதலில் மெல்லிய துணியுறை, அதன்மேல் ரப்பர். வலது கைக்கு ஒன்றுதான். சூரிச்சில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில், கோப்பை கழுவும் இயந்திரத்துக்கு முன்னால் ஒன்பது வருடமாக இப்படித்தான் நிற்கிறார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கையில் புண்ணோ என்று கேட்பார்கள். "புண் இல்லை. விரல்நுனி காய்ச்சுப் போயிருக்கு. தண்ணியில ஊறினால் இளகிடும், பிறகு தந்தி வெட்டும்" என்பார். எந்தத் தந்தி என்று மேலும் கேட்பவர்களுக்கு மட்டும் வயலின் என்று சொல்வார்.

வயது நாற்பத்தொன்று. ஊர் சாவகச்சேரி. யாழ்ப்பாணத்தில் முறையாக வயலின் படித்துப் பட்டம் வாங்கியவர். எண்பத்தாறில் அகதியாக வந்தபோது கையில் வாத்தியம் இல்லை. இங்கே பழைய சாமான் கடையில் ஒன்றை வாங்கிக் கொண்டார். டிராமில் நிற்கும்போது கம்பியைப் பிடித்த விரல்கள் சும்மா இருக்காது, ஏறி இறங்கும். கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது. வசனம் குறுகும். கணவர் குகநாதன் அதை நன்றாக அறிந்தவர்: "ஒரு சொல்லில மறுமொழி வந்துதெண்டால் நான் வெளியில நடக்கப் போயிடுவன்."

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மார்கழி மதியம், சாப்பிட்ட தட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒருவர் ஏதோ ஒரு மெட்டைச் சீட்டியடித்தார். ஞானேஸ்வரி யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று அதே மெட்டைச் சுரமாகப் பாடினார். வந்தவர் தட்டத்தை வைக்க மறந்து நின்றார். அவர் பெயர் ஸ்டூரே, சுவீடன்காரர். அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுப்பவர். வார இறுதியில் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிப்பார். மொனிக்கா என்ற சுவிஸ் பெண் அவருக்குப் பியானோ. சுவீடன் நாட்டுப்புற மெட்டுகளை எடுத்து ஜாஸாக விரிப்பது அவர்கள் வேலை.

"மலையில மாட்டைக் கூப்பிடுற பாட்டாம். பொம்பிளையள் பாடுறது" என்று ஞானேஸ்வரி என்னிடம் சொன்னார். "மாட்டைக் கூப்பிட இவ்வளவு சங்கதியோ எண்டு கேட்டனான்."

அடுத்த கிழமையே ஆஸ்பத்திரி நிலவறையில் மூவரும் சேர்ந்து வாசித்தார்கள். மெட்டை முதலில் உள்ளபடி ஒருதடவை வாசிப்பார்கள். பிறகு ஆளுக்கொரு பாதையில் பிரிந்து போய், கடைசியில் மெட்டிலேயே வந்து சேர்வார்கள். கற்பனைச்சுரம் பழகிய கைக்கு அது புதிதல்ல. அந்தப் பழைய மெட்டுகள் சிலவற்றில் மூன்றாம் சுரம் பியானோவின் வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவில் நிற்கும். பியானோவில் ஜாஸ் வாசிப்பவர்கள் அதைப் பக்கத்துக் கட்டைக்குத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். ஞானேஸ்வரி தள்ளவில்லை. அந்த இடத்தில் விரலை வைத்து அசைத்தார். மொனிக்கா கையை எடுத்துக்கொண்டார். "அவவுக்கு அந்த இடம் இல்லை. எனக்கு இருக்கு. பிறகேன் விடவேணும்?" என்றார் ஞானேஸ்வரி.

சனிக்கிழமைகளில் அவர் தமிழ்ப் பள்ளியில் பதினொரு பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தார். இந்த வருடம் வைகாசியில், பள்ளி நிர்வாகத்தின் தலைவர் பாலச்சந்திரன் வகுப்பு முடிகிற நேரம் வந்தார். ஊரில் வாத்தியாராக இருந்தவர், எல்லோருக்கும் மாஸ்டர். லாங்ஸ்திராஸ என்ற தெருவில் வீடியோக் கடை வைத்திருக்கிறார். கையில் ஒரு விளம்பரத் தாள். ஆனி மாதம் ஆற்றங்கரைப் பியர்த் தோட்டத்தில் இந்த மூவரும் சுவீடன் கலியாணப் பாட்டுகள் வாசிக்கப்போகிறார்கள் என்று அதில் இருந்தது.

"ரீச்சர், பியர் குடிக்கிற இடத்திலயோ வாசிக்கப் போறியள்?"

"ஓம்."

"ஊரில சனம் இடம்பெயர்ந்து மரத்தடியில கிடக்குது. நீங்கள் வெள்ளைக்காரற்ற கலியாணப் பாட்டு வாசிக்கிறியள். பிள்ளையளின்ர தாய்தேப்பன் கேக்கினம். அங்க வாசிக்கிறதெண்டால் இஞ்ச படிப்பிக்கேலாது."

"என்ர தம்பி குடும்பம் எங்க எண்டு ரெண்டு மாதமாத் தெரியாது, மாஸ்டர். சனத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம். நீங்கள் கடையைப் பூட்டினனீங்களோ? நேற்றும் புதுப்படம் வாடகைக்குப் போனதுதானே. அதை நான் பிழை எண்டு சொல்லேல்ல."

மாஸ்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அடுத்த சனிக்கு முதல் முடிவு சொல்லுங்கோ" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை என்பதையும் ஞானேஸ்வரியே எனக்குச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல் போனார். ஒரு மணித்தியாலம் முழுதாகச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பிள்ளையின் வில்லுக்கு ரோசின் பிசின் தேய்த்துக் கொடுத்தார். பிறகு தன் சாவிக்கொத்திலிருந்து மண்டபத் திறப்பைக் கழற்றி மாஸ்டரின் மேசையில் வைத்துவிட்டு வந்தார். அன்றிரவு சாப்பிடவில்லை என்று குகநாதன் சொன்னார். தம்பியின் கடிதம் ஆவணியில் வந்தது, எல்லோரும் உயிரோடிருந்தார்கள். வகுப்பு திரும்ப வரவில்லை. மூன்று பிள்ளைகள் மட்டும் இப்போது வீட்டுக்கு வந்து படிக்கிறார்கள்.

அந்தத் தோட்டக் கச்சேரியை ஒழுங்கு செய்தவரோடும் அவருக்குச் சரிவரவில்லை. சுவரொட்டியில் ஸ்டூரேக்கும் மொனிக்காவுக்கும் பெயர் இருந்தது. இவருக்கு மட்டும் 'இந்தியக் கோயில் வயலின்' என்று போட்டிருந்தார்கள். "கோயிலும் இல்லை, இந்தியாவும் இல்லை. எனக்குப் பேர் இருக்கு" என்று தன் உடைந்த ஜேர்மனில் சொல்லியிருக்கிறார். அச்சாகிவிட்டதே என்றாராம் அவர். ஞானேஸ்வரி தடித்த கறுப்புப் பேனையோடு போய், மிச்சமிருந்த நாற்பது சுவரொட்டிகளிலும் அந்த வரியை வெட்டிப் பெயரை எழுதினார். பெயர் நீளம், ஓரத்தில் வளைந்து ஏறியது. சேலை கட்டி வரச் சொன்னார்கள். கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார்.

நான் போனபோது ஞாயிறு பின்னேரம் நல்ல வெயில். இருநூறு பேர் இருப்பார்கள். தமிழர் என்று பார்த்தால் குகநாதனும் நானும்தான். குகநாதன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர்போல் இருந்தார்.

மேடைக்கு வந்த ஞானேஸ்வரி நேரே தரையில் இருக்கக் குனிந்தார். ஒழுங்கு செய்தவர் ஒரு நாற்காலியோடு ஓடி வந்தார். கீழே இருந்தால் பின்வரிசைக்குத் தெரியாது, தயவுசெய்து இதில் இருங்கள் என்று மெதுவாகத்தான் சொன்னார். ஒலிவாங்கி அதைப் பிடித்துத் தோட்டம் முழுக்கக் கேட்கவைத்தது.

ஞானேஸ்வரி ஒலிவாங்கிப் பக்கம் திரும்பவில்லை. "தெரியாத ஆக்கள் எழும்பி நிக்கட்டும்" என்று ஜேர்மனில் சொன்னார். அதுவும் கேட்டது.

ஒழுங்கு செய்தவர் நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார். ஞானேஸ்வரி அதைச் சற்று நேரம் பார்த்தார். காலியான வயலின் பெட்டியைத் தூக்கி அதன்மேல் இருத்தினார். பிறகு சப்பாணி கட்டித் தரையில் இருந்து, வயலினின் தலையை வலது குதிக்காலில் ஊன்றி, வில்லை எடுத்தார்.