சும்மா பிடித்த கை

வந்தவரின் மணிக்கட்டில் இரண்டு விரல். கண்ணோ அவர் நெஞ்சில். “பேசாம இருங்க, நாடி பாக்கறேன்” என்கிறாள் வாசல் அக்கா. சுத்தப் பொய். நாடி எப்போதோ பார்த்தாயிற்று, இப்போது எண்ணுவது மூச்சை. அதைச் சொல்லிவிட்டால் போச்சு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி மூச்சை ஒழுங்காக விட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால்தான் இந்தத் திருட்டுத்தனம்.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்து, யார் முதலில் உள்ளே போக வேண்டும் என்று முடிவு செய்கிற நர்ஸ் அவள். டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் வாசல் அக்காதான். விரலை வெட்டிக்கொண்டு கூரை அதிரக் கத்துகிறவனிடம், “கத்தறதுக்கு இவ்வளவு மூச்சு இருக்கே, உனக்கு ஒண்ணும் ஆகாது, உக்காரு” என்பாள். அவனுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல் வேர்த்துக்கொண்டிருப்பவரை நோக்கி வீல்சேர் ஓடும். “உனக்குக் கண்ணு தெரியலையா?” என்று விரல்காரன் எகிறுவான். “தெரியறதாலதான் உன்னை உக்காரச் சொன்னேன்.”

எண்ணும்போது கீழுதடு லேசாக அசையும். ஆஸ்பத்திரியில் யாரும் கவனித்ததில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மாவின் கடைசி நாள் வீட்டில்தான் கழிந்தது. செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அம்மா கையை நீட்டினாள். பாழாய்ப்போன விரல்கள் நேராக மணிக்கட்டுக்குப் போயின.

“எண்ணாதடி. கையைச் சும்மா பிடியேன்.”

“சும்மாதாம்மா பிடிச்சிருக்கேன்.”

உதடு அசைந்துகொண்டிருந்தது. கால்மாட்டில் நின்ற அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எத்தனை பேரிடம் எத்தனை பொய் சொன்னாலும் உறுத்தாதவளுக்கு, அந்த ஒரு பொய் மட்டும் இன்றும் உறுத்துகிறது.

“கடைசியா கேட்டதைக்கூடக் குடுக்கலையே நீ” என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப்பின் அவளோடு சாப்பிட்டார், டிவி சத்தத்துக்காகச் சண்டை போட்டார், எல்லாம் செய்தார். கையை மட்டும் கொடுக்கவில்லை. ரோட்டைக் கடக்கும்போது அவளுடைய பையின் வாரைப் பிடித்துக்கொள்வார்.

போன வாரம் அவரையே மூச்சுத் திணறலோடு அந்த வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அவளைப் பார்த்ததும் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். தொடாமலே எண்ணி, ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினாள். டாக்டர் அவளிடம் சுற்றி வளைக்கவில்லை; இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது, வீடு திரும்புவது கஷ்டம்தான் என்றார்.

நேற்று வேலை முடிந்து, மூலைக் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா கண்ணைத் திறந்தார்.

“டியூட்டி முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுப்பா.”

“பொய் சொல்லாதே.”

அக்கா சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். உள்ளங்கையை விரித்துக் கட்டில் மேல் வைத்தாள். வெகு நேரம் அது அப்படியே கிடந்தது.

போர்வைக்குள்ளிருந்து அவர் கை மெதுவாக வந்தது. அவளுடைய விரல்கள் பழக்கத்தில் மணிக்கட்டுக்கு ஏறின. கீழே இறக்கி, உள்ளங்கையோடு உள்ளங்கையைச் சேர்த்துப் பிடித்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டாள்.