பிழையான கதவைத் தட்டி வாங்கிய வீடு

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்காபரோவில் வீடு வாங்கிவிட்ட தமிழர்கள் வாங்காத தமிழர்களிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தார்கள். "இன்னும் அப்பார்ட்மென்டிலதானோ இருக்கிறியள்?" கல்யாண வீட்டில் கேட்பார்கள். மீன்கடையில் விளைமீனை வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போதும் கேட்பார்கள். நான் சிரித்துச் சமாளிப்பேன். என் கணவருக்கு முகம் கறுத்துவிடும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த அப்பார்ட்மென்ட் பிடித்திருந்தது. வோபர்ன் பகுதியில், பதினோராம் மாடி. எதிர்வீட்டில் புத்தளத்துக் குடும்பம். நோன்பு மாதத்தில் அவர்கள் கஞ்சியும், தைப்பொங்கலுக்கு எங்கள் பொங்கலும் அந்த நடைபாதையைக் கடந்து போய்வரும். உலகச் செய்தி முழுவதும் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் கிடைத்துவிடும். யார் வீட்டுக்கு யார் கொழும்பிலிருந்து வந்து இறங்கியிருக்கிறார்கள், எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று இயந்திரம் சுற்றி முடிவதற்குள் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் எங்கள் மகளுக்கு ஆறு வயதாகியிருந்தது. அவளுக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். அவள் ஓடும்போதெல்லாம் பத்தாம் மாடிக்காரர் தும்புத்தடியால் தன் கூரையை இடிப்பார். எனக்கு வேறு ஒரு கஷ்டம். சமையலறைக்கு ஜன்னலே இல்லை. மீன் பொரித்தால் அந்த மணம் அலுமாரிக்குள் தொங்கும் குளிர்ச்சட்டைகளில் ஏறி, அடுத்த நாள் என்னோடு பஸ்ஸில் வேலைக்கு வரும்.

அதனால் வீடு பார்க்கத் தொடங்கியபோது எனக்கு ஒரேயோர் ஆசைதான் இருந்தது. சமையலறையிலிருந்து நேரே வெளியே போக ஒரு கதவு வேண்டும். கணவருக்கு வாசல் கிழக்குப் பார்த்திருக்க வேண்டும். அதற்காகச் சின்னத் திசைகாட்டி ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகளுக்கு வீட்டுக்குள் படிக்கட்டு வேண்டும்.

இந்த மூன்றையும் தேடித் தரும் பொறுப்பை ஏற்றவர் கணவரின் பள்ளி நண்பர் ஒருவரின் தமையன். நாங்கள் அவரை அண்ணை என்றே கூப்பிட்டோம். வாரநாட்களில் டாக்ஸி ஓட்டினார். வீடு விற்கும் லைசன்ஸ் எடுத்து அப்போதுதான் சில மாதங்கள் ஆகியிருந்தன. சனிக்கிழமை மத்தியானம் தன் வான் வண்டியில் வந்து ஹோர்ன் அடிப்பார். நாங்கள் கடலை, தண்ணீர், மகளின் பொம்மை சகிதம் சுற்றுலாவுக்குப் போவது போல ஏறிக்கொள்வோம்.

பார்த்த வீடுகளுக்குக் கணக்கில்லை. ஒன்றில் வாசல் கிழக்கே இருந்தது, ஆனால் பகலிலும் லைட் போடவேண்டியிருந்தது. இன்னொன்றில் குளியலறைக்கும் கம்பளம் விரித்திருந்தார்கள். ஒருநாள் வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊர் வரைக்கும் கூட்டிப்போனார். புது வீடுகள், பளபளவென்று. சுற்றிவரச் சேறும் விளம்பரக் கொடிகளும்தான், கடை ஒன்றும் இல்லை. எனக்கு அப்போது கார் ஓடத் தெரியாது.

"அண்ணை, கொத்தமல்லி முடிஞ்சால் நான் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"கொத்தமல்லி இல்லாமலும் ஆக்கள் சீவிக்கினம், தங்கச்சி," என்றார். ஆனாலும் வானைத் திருப்பிவிட்டார்.

ஓர் ஒக்டோபர் சனிக்கிழமை அண்ணை பெரிய உற்சாகத்தோடு வந்தார். "இண்டைக்குப் பாக்கிறதுதான் உங்கட வீடு. நேற்றுத்தான் விலைக்கு வந்தது. முன்னுக்குப் போர்ட் கூட இன்னும் நடேல்லை. வீட்டுக்காரர் நிற்பினம். முதல் ஆக்கள் நாங்கள்தான்."

மேப்பிள் இலைகள் கொட்டிக்கிடந்த அமைதியான தெரு அது. சிவப்புச் செங்கல் வீடு. அண்ணை கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு மணியை அடித்தார். கம்பளிச் செருப்பும் வெள்ளைத் தலைமயிருமாக ஒரு மூதாட்டி கதவைத் திறந்தார்.

"மூன்று மணிக்கு வருவீர்கள் என்றல்லவா நினைத்தேன்? பரவாயில்லை, வாருங்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

வரவேற்பறையில் நின்று, "இங்கேதான் இருக்கிறது," என்று கையைக் காட்டினார். "நாங்கள் முதலில் மேலே பார்க்கிறோம்," என்று அண்ணை பணிவாகச் சொல்லிவிட்டுப் படியேறினார். மகள் அவரை முந்திக்கொண்டு ஓடினாள். "அம்மா, ஸ்டெயர்ஸ்!" என்ற சத்தம் மேலிருந்து வந்தது. மூதாட்டி ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு எங்கள் பின்னால் மெல்ல ஏறிவந்தார்.

நாங்கள் வழக்கம்போலப் பார்த்தோம். அலுமாரிகளைத் திறந்து மூடினோம். அண்ணை குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகம் பார்த்தார். கணவர் ஒவ்வோர் அறையிலும் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"உங்கள் கணவர் எதைத் தேடுகிறார்?" என்று மூதாட்டி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"கிழக்கை," என்றேன்.

"கிழக்கா? முன்கதவுப் பக்கம்தான். காலையில் திறந்தால் வெயில் கண்ணைக் குத்தும்." என் கணவர் திசைகாட்டியைப் பைக்குள் போட்டார். பரீட்சை பாஸான பிள்ளையின் முகம் அவருக்கு.

நான் சமையலறைக்குப் போனேன். கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதவு இருந்தது. திறந்தேன். இரண்டு படி, அதற்கப்பால் புல் முளைத்த வளவு. மூடினேன். மறுபடி திறந்தேன். அங்கேயே அடுப்பை வைத்து மீன் பொரிப்பதாக மனதுக்குள் ஒரு படம் ஓடியது. இதுதான் என்று முடிவெடுத்துவிட்டேன்.

இதற்குள் மகள் வரவேற்பறையில் இருந்த பியானோவின் முன்னால் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கிவிட்டாள். மூதாட்டி முதன்முறையாகத் தெளிவடைந்தவர் போல, "ஓ, இவளுக்காகத்தானா?" என்றார்.

கணவர் அண்ணையின் காதுக்குள், "உந்தப் பியானோவும் வீட்டோட வருமோ எண்டு கேளுங்கோ," என்றார். அண்ணை தொண்டையைச் செருமி, ஆங்கிலத்தில், "அம்மையாரே, வீட்டை வாங்கினால் பியானோவும் சேர்ந்து வருமா?" என்று கேட்டார்.

"எந்த வீட்டை?" என்றார் மூதாட்டி.

அண்ணை பையிலிருந்து விலாசத் தாளை எடுத்துப் பார்த்தார். அந்தப் பகுதிகளில் ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஒரு தெருவுக்குக் கோர்ட் என்றும், அடுத்ததற்குக் கிறெசென்ட் என்றும் வால் கட்டியிருப்பார்கள். நாங்கள் போயிருக்க வேண்டியது கோர்ட். நின்றுகொண்டிருந்தது கிறெசென்டில். அந்த வீடு விற்பனைக்கே வரவில்லை. அவர் விற்க விளம்பரம் போட்டிருந்தது பியானோவை மட்டும்தான்.

எனக்குக் காது சுட்டது. அவருடைய படுக்கையறை அலுமாரியை நான் திறந்து பார்த்திருந்தேன். "மன்னித்துக்கொள்ளுங்கள். ஏன் எங்களைத் தடுக்கவில்லை?" என்று கேட்டேன்.

"பியானோ வாங்குமுன் அது எப்படிப்பட்ட வீட்டில் இருந்தது என்று பார்ப்பது உங்கள் வழக்கமாக்கும் என்று நினைத்தேன்," என்றார் அவர். "நல்ல வழக்கம் என்றும் நினைத்தேன்."

பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டார். உண்மையான பியானோக்காரர்கள் வந்து மணியடித்தபோது நாங்கள் எல்லோரும் அவர் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் வாங்கிக்கொண்டும் போனார்கள்.

அதன் பிறகு போய்ப் பார்த்த கோர்ட் வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதில் சமையலறைக் கதவு சுவரைப் பார்த்துத் திறந்தது.

எனக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த கிழமை ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸ் பொரித்து, மகளையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அந்த மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் ரோல்ஸைக் கடித்து, உறைப்பில் கண் கலங்கி, தண்ணீர் குடித்து, இன்னொன்று எடுத்தார். அவருடைய கணவர் இறந்து சில வருடங்கள். ஒரே மகன் ஒஷாவா நகரில். "அங்கே வந்து இரு என்கிறான். எனக்கு என்ன குறை? நான் விற்கமாட்டேன்," என்றார். எங்கள் பெட்டியை வெறுமையாகத் தராமல், தான் சுட்ட இனிப்புக் கேக்குகளால் நிரப்பித் தந்தார். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தப் பனிமாரி முழுவதும் பெட்டி போய்வந்துகொண்டிருந்தது.

"அவ விக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா. பிறகேன் இந்தப் பனிக்குள்ள போறாய்?" என்று கணவர் கேட்டார்.

"நான் வீட்டைப் பாக்கப் போகேல்லை. அவவைப் பாக்கத்தான் போறன்."

"அப்ப ஏன் வந்த உடன சமையலறைக் கதவைப் பற்றிச் சொல்லுறாய்?"

கதவு பிடித்திருந்தது உண்மைதான். ஆனால் அந்த மூதாட்டியையும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அவரிடம் ஒருநாள்கூட வீட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமைகளில் அண்ணையோடு வேறு வீடுகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் ஒரு மாலை டெலிபோன் வந்தது. மூதாட்டி மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டுவிட்டார். குரல் மட்டும் உறுதியாக இருந்தது. "மகனிடம் போவதாக முடிவெடுத்துவிட்டேன். வெளியே பலகை நடுவதற்கு முன்னால் உங்களிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். இந்தமுறை அலுமாரிகளைத் தாராளமாகத் திறந்து பார்க்கலாம்."

அவர் விழுந்ததற்கு அழுவதா, வீட்டுக்குச் சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

அண்ணைக்குச் சொன்னபோது அவர் துள்ளிக் குதித்தார். "பாத்தியே தங்கச்சி! நான் உங்களைப் பிழையான வீட்டுக்குக் கொண்டுபோகேல்லை. கொஞ்சம் முந்திக் கொண்டுபோயிட்டன்." வங்கி, வக்கீல் எல்லாவற்றையும் அவரே ஓடியோடிப் பார்த்தார்.

புதுவீட்டில் பால் காய்ச்சும் நாளுக்கு அப்பார்ட்மென்டே திரண்டு வந்தது. புத்தளத்து வீட்டார் ஒரு சட்டி இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்தார்கள். மூதாட்டியையும் அழைத்திருந்தேன். மகன் கொண்டுவந்து இறக்கினான். கை கட்டுப்போட்டபடி, தன் சமையலறையிலேயே விருந்தாளியாக ஒரு கதிரையில் உட்கார்ந்தார்.

மின்னடுப்பு சூடாவதற்கு யுகம் எடுத்தது. இருபது பேர் ஒரு சின்னப் பானையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயோ, அடுப்புச் சரிஞ்செல்லே நிக்குது! பால் மேற்காலதான் ஊத்தப்போகுது," என்றார்.

பால் கிழக்கே வழிந்தால்தான் வீட்டுக்கு நல்லது என்பார்கள். பெரிய பதற்றம். அண்ணை ஒரு பக்கம், கணவர் மறுபக்கம் பிடித்து அடுப்பைத் தூக்க, நான் வீடு மாறிய பெட்டியில் ஒரு மட்டையைக் கிழித்து மடித்து அதன் காலுக்குக் கீழே செருகினேன். "இன்னும் கொஞ்சம்! போதும், போதும்!" என்று எல்லோரும் கட்டளையிட்டார்கள். நடப்பது என்ன என்று மூதாட்டி கேட்டார். மகள் அவர் மடியில் கையூன்றி ஆங்கிலத்தில் விளக்கினாள்.

"அதுதானா!" என்றார் அவர். "இத்தனை வருடமும் என் கேக்குகள் ஒரு பக்கம் மட்டும் ஏன் உயர்ந்தன என்று இப்போதுதான் தெரிகிறது."

பால் பொங்கிக் கிழக்கே சரிந்து ஊற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள். மற்றவர்களைப் பார்த்து மூதாட்டியும் முறியாத கையால் தன் தொடையில் தட்டினார்.

பின்னேரம் மகன் கூட்டிப்போக வந்தபோது அவர் மேலே போகவில்லை, ஒன்றையும் தடவிப் பார்க்கவில்லை. வட்டிலப்பம் ஒரு துண்டு கட்டித் தரச் சொன்னார். கார் திரும்பும்வரை நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று கையசைத்தோம். பிறகு ஆண்கள் வளவுக்குள் கதிரைகளைத் தூக்கிப் போட்டார்கள். நான் அடுப்பில் தீய்ந்த பாலைச் சுரண்டத் தொடங்கினேன். மேலே படிக்கட்டில் பிள்ளைகள் ஏறி இறங்கும் சத்தம் இடிபோலக் கேட்டது. யாரும் அவர்களை நிறுத்தச் சொல்லவில்லை.