நான் கட்டிவிட்ட கயிறு

தலைமை ஆசிரியர் இருந்தார். வகுப்பு டீச்சர் இருந்தார். பக்கத்து ஊர் நிலக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய மகள் இருந்தாள். என் மகள் மாரீஸ்வரி இருந்தாள். நான் இருந்தேன். தலைமை ஆசிரியரும் நிலக்காரரும் நாற்காலியில். மற்றவர்கள் நின்றோம்.

அவர்கள் முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன். பெற்ற மகளுக்கு எதிராகச் சொன்னேன். இது என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

நான் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை பார்க்கிறேன். ஐந்தாவதோடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போகும் காரியத்தைப் பொறுக்க வேண்டாம்.

மாரி ஒன்பதாவது படிக்கும்போது அவளுக்கு அம்மை போட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் இருக்கன்குடிக்குக் கூட்டிப் போனேன். ஆத்தா கோயிலில் ஒரு கயிறு வாங்கி, என் கையாலேயே அவள் கையில் கட்டினேன். பரீட்சை முடியும் வரை கழற்றாதே என்றும் சொன்னேன்.

என்ன நிறம் என்று எழுத மாட்டேன். எழுதினால் அதையும் ஒருவன் தன்னுடையது என்பான்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் கைக்கயிறு சாதியைச் சொல்லும். இன்னாருக்கு இன்ன நிறம். யார் பங்கு போட்டுக் கொடுத்தார்கள்? இந்த வழக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. கோயில் கயிற்றுக்குமா கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

கேட்டார்கள். "இது எங்க கலரு. ஒங்க தெருவுக்கு எப்ப வந்துச்சு?" என்று வகுப்புப் பிள்ளைகள் கேட்டதாக மாரி வந்து சொன்னாள். விட்டுத் தள்ளு என்றேன். மறுநாளும் சொன்னாள். பேசாமல் இரு என்றேன். டீச்சரிடம் போயிருக்கிறாள். "நீ வேற கலரு கட்டிக்கோயேன்" என்றாராம் டீச்சர். படித்தவர்...

பிறகு நிலக்காரர் மகள் பிளேடால் அந்தக் கயிற்றை அறுத்தாள். மணிக்கட்டும் சேர்ந்து கிழிந்தது. மாரி அவளை ஓர் அறை அறைந்தாள்.

எங்களைத் தலைமை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு நடத்திய விசாரணை, மாரி அறைந்ததற்குத்தான். அறுத்ததற்கு இல்லை.

நிலக்காரர் என்னைவிட வயதில் சின்னவர். "என்ன புள்ளே, மகள ரவுடியா வளக்கியோ?" என்றார். பிறகு மாரியைப் பார்த்து, "எங்களுக்குச் சமமாக் கயிறு கட்டுற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டீகளோ?" என்று சிரித்தார். தலைமை ஆசிரியரும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

"வம்பு இழுக்கணும்னே கட்டிட்டு வந்தியாமே?" என்று தலைமை ஆசிரியர் மாரியைக் கேட்டார்.

"இல்ல சார். எங்கம்மாதான் இருக்கன்குடியில கட்டிவிட்டுச்சு. கேளுங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் துளி பயம் இல்லை. அம்மா வந்துவிட்டாள், இனி என்ன என்கிற முகம்.

நான் சொன்னேன்: "எனக்குத் தெரியாதுங்க சார். அவளாத்தான் கட்டியிருப்பா."

ஏன் சொன்னேன்? நானே என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். கம்பெனியில் சேர்ந்த அன்றே எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். மருந்து சுர்ரென்றால் நின்று பார்க்காதே. அணைக்கப் போகாதே. பக்கத்தில் இருப்பவளை இழுக்கவும் நிற்காதே. வாசலைப் பார்த்து ஓடு. இத்தனை வருடம் உயிரோடு இருப்பது அந்தப் பாடத்தால்தான். அன்றைக்கும் ஓடினேன்... நின்ற இடத்திலேயே ஓடினேன். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு.

அது மருந்து அறையா? பள்ளிக்கூடம். தீ வைத்தவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் யாருக்குப் பயந்து ஓடினேன்?

மாரி மன்னிப்புக் கேட்டாள். நிலக்காரரிடம் கேட்டாள். கையைக் கிழித்தவளிடமும் கேட்டாள். கேட்கச் சொல்லி முதுகில் கை வைத்துத் தள்ளியது நான்.

பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம். லாரிக்கு லோடு ஏற்றப் போன என் வீட்டுக்காரர் இருட்டும் முன்னே வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஏ மாரி, அந்தக் கயித்த நீயாவா கட்டுனே?" என்று சத்தம் போட்டார். நான் அடுப்படியில் நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

"ஆமாப்பா, நானாத்தான் கட்டுனேன்" என்றாள் மாரி.

என் பொய்யை என் பிள்ளை சுமந்தாள். அவர் திட்டியதையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய், கட்டியது நான்தான் என்று சொன்னேன். "அன்னைக்கே சொல்லிருக்கலாமேம்மா. முடிஞ்சுபோன விசயம்" என்றார் தலைமை ஆசிரியர். நிலக்காரரை உட்கார வைத்து, என்னை நிற்க வைத்துக் கேட்டவர் சொல்கிறார். ஆனாலும் அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

நீங்களும் பெற்றவர்தான். உங்கள் பிள்ளை ஒரு தரம் வந்து சொன்னால் அன்றைக்கே போய் நில்லுங்கள். பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'என் பிள்ளை சொல்வது நிசம்' என்று சொன்னால் போதும். அதைச் சொல்லப் படிப்பு வேண்டாம். எனக்கு அது வாயில் வரவில்லை.

மாரி இப்போது பதினொன்றாவது, அதே பள்ளிக்கூடத்தில். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும், ஒன்றுமில்லை என்கிறாள். ஒன்றுமில்லாமல் இருக்குமா?

அந்தப் பள்ளிக்கூட வாசலில் இப்போது ஒரு சட்டம். எங்கள் தெருப் பிள்ளைகள் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மற்ற தெருப் பிள்ளைகள் அவரவர் கயிற்றோடு நேரே போகிறார்கள். ஏன் என்று கேட்டால், "ஒங்க தெருப் பிள்ள வம்புக்குக் கட்டுனத அவ அம்மாவே ஒத்துக்கிட்டாளே" என்கிறார்களாம்.

கம்பெனி வாசலில் எங்களையும் சோதிக்கிறார்கள். அது நெருப்புக்குப் பயந்து. பிள்ளைகளின் வெறுங்கையைக் கண்டு என்ன பயம்?

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் அந்த வாசலில் நின்று எண்ணினேன். கை நீட்டிய பிள்ளைகள் பதினேழு பேர்.